பூஜ்யப் பொத்தான்

தென்காசி
12 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பி பிரின்ஸுக்கு,

மதினி ஜெபமலர் எழுதுகிறேன். மஸ்கட்டில் வெயில் தொடங்கியிருக்கும், ஏசி ரூமிலேயே கிடந்து தண்ணீர் குடிக்க மறந்துவிடாதே. இங்கே உன் அண்ணனைத் தவிர மற்ற எல்லாருக்கும் சுகம்.

ஃபோனில் பேசாமல் ஏன் மெயில் போடுகிறேன் என்று நினைப்பாய். வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழுகிறது. உன் குரல் கேட்டாலே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அதனால் கடைக்கு வந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு இதை அடிக்கிறேன். கம்ப்யூட்டர் விஷயத்தை நீ எழுதி அனுப்பினால்தான் எனக்கும் ஏறும். ஃபோனில் நீ சொல்லும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது, வைத்ததும் ஒன்றும் நினைவில் இல்லை.

பிப்ரவரியில் பக்கவாதம் வந்து அவர் விழுந்தபோது இருந்த நிலைதான் இன்னும். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் வரவில்லை. நாம் பேசுவது எல்லாம் புரிகிறது. டாக்டரும் அதைத்தான் சொன்னார், மூளை தெளிவாக இருக்கிறது, வார்த்தைதான் வெளியே வர மறுக்கிறது என்று. எழுதச் சொன்னால் எழுத்தைப் பார்த்தே குழம்பிப் போகிறார். தலையை ஆட்டுகிறார். கழுத்து ஒரு பக்கமாக இழுப்பதால் அது ஆமாவா, இல்லையா, வலியா என்று எனக்குப் பிடிபடவில்லை. இடது கை மட்டும் நன்றாக இருக்கிறது. கஞ்சியைத் தட்டிவிடுகிற கையும் அதுதான்.

நம் அச்சுக் கடை பென்னி கிராபிக்ஸ் பெயருக்குத் திறந்திருக்கிறது. முத்துசெல்வி வருகிறாள், அடிக்கிற வேலையை அவள் பார்க்கிறாள். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து விழிக்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாக நீ கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த அந்த இலவச லினக்ஸில் உன் அண்ணன் பத்து வருடமாகத் தன் இஷ்டத்துக்கு எதையெல்லாமோ மாற்றி வைத்திருக்கிறார். ஒரு பொத்தானை அழுத்தினால் ஏதோ திறக்கிறது, இன்னொன்றை அழுத்தினால் எல்லாம் மறைகிறது.

கேட்க வந்தது இதுதான். அந்த லினக்ஸில் அவருக்குப் பதிலாகப் பேசுகிற மாதிரி ஏதாவது உண்டா? காசு கொடுத்து வாங்குகிற பெரிய கருவி எல்லாம் நமக்குத் தாங்காது.

லீவு எப்போது கிடைக்கும் என்றும் எழுது.

உன் மதினி
ஜெபமலர்


மஸ்கட்
17 ஏப்ரல் 2025

அன்பு மதினிக்கு,

பிரின்ஸின் வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணனுக்கு ரத்த அழுத்த மாத்திரை வேளாவேளைக்குப் போகிறதா? உங்கள் முழங்கால் வலி எப்படி?

நீங்கள் கேட்டது இருக்கிறது மதினி, அதுவும் இலவசமாகவே. நாம் எழுதிக் கொடுப்பதை வாய்விட்டு வாசிக்கிற ஒரு சின்ன மென்பொருள். தமிழும் வாசிக்கும். குரல் கொஞ்சம் கரகரவென்று இருக்கும், ஆனால் புரியும்.

கடையில் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் அண்ணன் கட்டில் பக்கத்தில் வையுங்கள். வெறும் எண்கள் மட்டும் இருக்கும் சின்ன கீபோர்டு ஒன்று தனியாக விற்கும், அதை வாங்கிச் சொருகுங்கள். எண் ஒன்றை அழுத்தினால் ஒரு வாக்கியம், இரண்டை அழுத்தினால் இன்னொரு வாக்கியம். அமைப்புகளில் 'குறுக்குவழிகள்' என்ற இடத்தில் இதைச் செய்துவிடலாம். எழுத்தைப் பார்த்தால் குழம்புகிறார் என்பதால் பொத்தான்மேல் படம் ஒட்டிவிடுங்கள்.

என்னென்ன வாக்கியம் வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர் பக்கத்தில் இருப்பது நீங்கள். யோசித்து அனுப்புங்கள், நான் ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒட்ட வேண்டிய கட்டளை வரியை எழுதி அனுப்புகிறேன்.

லீவு பற்றி மேனேஜரிடம் பேச வேண்டும்.

தம்பி
பிரின்ஸ்


தென்காசி
4 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ நலமா? பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபிக்காதே. கல்யாண சீசன், பத்திரிகை வேலை. போதாததற்குக் குற்றாலம் லாட்ஜ்காரர்கள் சாரல் தொடங்கும் முன்னாலேயே வாடகைப் பலகை அடிக்க வந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போனால் அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்து முடிப்பதற்குள் எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது.

கம்ப்யூட்டர் வீட்டுக்குப் போய்விட்டது. வாக்கியங்களை முத்துசெல்வியும் நானும் கடையில் உட்கார்ந்து யோசித்தோம். ஒன்று, தண்ணீர் வேணும். இரண்டு, பசிக்குது. மூன்று, பாத்ரூம் போகணும். நான்கு, வலிக்குது. ஐந்து, ஃபேன் போடு. ஆறு, ஜெபம் பண்ணு. ஏழு, சரி. எட்டு, நன்றி. ஒன்பதுக்கு ஒன்றும் தோன்றவில்லை, காலியாக இருக்கட்டும். பூஜ்யம் பெரிய பொத்தானாக அடியில் நீட்டிக்கொண்டு இருக்கிறது. கை தவறிப் படும், அதில் எதுவும் போடாதே.

முத்துசெல்விதான் கேட்டாள். "அக்கா, 'இல்ல'ன்னு ஒண்ணு வேண்டாமா?" என்றாள். அவளே உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடையில் அந்த வார்த்தைக்கு இடமில்லை என்று உனக்கே தெரியும். பேப்பர் தீர்ந்துபோனால்கூட "சாயங்காலம் வந்திரும் அண்ணாச்சி" என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறி இல்லை என்று சொன்னதற்கு அவளை உன் அண்ணன் எத்தனை முறை வைதிருப்பார்! "கடைக்குள்ள நின்னுக்கிட்டு இல்ல, வேண்டாம்னு சொல்லாதட்டி, வார சீதேவி வாசலோட திரும்பிருவா" என்பார். சபைக்குப் போகிறவர் பேசுகிற பேச்சா என்று நான் கேலி செய்வேன். ஆனாலும் உடம்பு சரியில்லாத வீட்டில் ஒரு மிஷின் ஓயாமல் இல்லை, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு கிடப்பது எனக்கும் நல்லதாகப் படவில்லை. அதனால் விட்டுவிட்டோம்.

படம் எல்லாம் முத்துசெல்வியே வரைந்துவிட்டாள். நன்றிக்குக் கும்பிட்ட கை.

லீவு என்ன ஆயிற்று?

மதினி


மஸ்கட்
9 மே 2025

மதினிக்கு அன்புடன்,

நலம்தான். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் படுத்துவிட்டால் அந்த வீட்டில் தூக்க ஆள் இல்லை.

எட்டு வரிகளையும் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் அப்படியே எடுத்துக் குறுக்குவழியில் ஒட்டி, அதற்குரிய எண்ணை அழுத்திக் காட்டினால் போதும்.

ஒரு காரியம் செய்திருக்கிறேன். அந்த மென்பொருளில் குரலின் கனத்தையும் வேகத்தையும் மாற்றலாம். முதலில் கேட்டபோது யாரோ அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருந்தது. அண்ணன் அவ்வளவு வேகமாகப் பேசமாட்டாரே. வேகத்தைக் குறைத்தேன், கனத்தைக் கூட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க இதே வேலை. கடைசியில் 'சரி' என்ற சொல் மட்டும் கிட்டத்தட்ட அவர் சொல்வது போலவே வந்துவிட்டது. சின்ன வயதில் பழைய குற்றாலம் அருவியில் நான் தண்ணீருக்குள் நிற்பேன், அவர் பாறையில் துண்டோடு நின்று, "சரி, போதும், ஏறுலே" என்பாரே, அந்த 'சரி'. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பிறகு ரூமில் கூட இருப்பவன் வந்துவிட்டான், நிறுத்திவிட்டேன்.

பிரின்ஸ்


தென்காசி
15 ஜூன் 2025

அன்பான தம்பி பிரின்ஸ்,

ஜெபத்தோடு எழுதுகிறேன். சாரல் பிடித்துவிட்டது. துணி எதுவும் காய்வதில்லை, அவருடைய படுக்கை விரிப்பு உட்பட. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

முதல் தடவை மிஷின் "தண்ணீர் வேணும்" என்று சொன்னபோது சமையலறையில் கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டேன். உன் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தார். அன்றைக்குச் சும்மாவே நாலைந்து டம்ளர் தண்ணீர் கேட்டார். நீ நல்லா இருப்பாய்.

இப்போது இரண்டு தொல்லை. சும்மா இருந்தால் திரை இருட்டாகி, பாஸ்வேர்டு கேட்கிறது. அதன் பிறகு எந்தப் பொத்தானும் பேசுவதில்லை. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்காவிடம் பாத்ரூம் என்று சொல்ல முடியாமல், நான் கடையிலிருந்து வருகிற வரைக்கும் மனிதர் கிடந்திருக்கிறார். அதை என்னால் எழுத முடியவில்லை.

இன்னொன்று, கண்டபடி அடிக்கிறார். செவ்வாய்க்கிழமை தோறும் ஆட்டோவில் குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்க்கக் கூட்டிப் போகிறேன். அருவிக்கரையில் இருக்கிற சொரிமுத்து அண்ணாச்சிக்கு நல்ல கை, விழுந்த நரம்பெல்லாம் எழும்பும் என்று எல்லாரும் சொன்னார்கள். உன் அண்ணனிடமும் கேட்டேன், ஏழைத்தான் அழுத்தினார், சரி என்றது. ஆனால் செவ்வாய் காலையானால் போதும், அந்த எண் பலகையில் ஒன்றிலிருந்து எட்டு வரை அத்தனையையும் போட்டு அறைகிறார். தண்ணீர் வேணும் பசிக்குது ஃபேன் போடு நன்றி நன்றி நன்றி என்று மிஷின் உளறுகிறது. ஆட்டோக்காரர் வாசலில் நின்று சிரிக்கிறார். கோபம் வருவது இந்த நோயில் சகஜம்தான் என்று டாக்டர் சொன்னார். அதை நிறுத்த ஏதாவது வழி இருந்தால் சொல்லு தம்பி. என்னால் முடியவில்லை.

கடையிலும் கூட்டம். லாட்ஜ் விலாசங்களையே நாள் முழுக்க அடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் ஏதாவது சுருக்குவழி இருந்தால் எழுது.

மதினி


மஸ்கட்
18 ஜூன் 2025

மதினி,

சுகம் விசாரிக்கவே கூச்சமாக இருக்கிறது. திரை பூட்டிக்கொள்ளும் என்று நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். தனியுரிமை என்ற பகுதியில் 'தானாகப் பூட்டு' என்பதை அணைத்துவிடுங்கள். மின்சாரப் பகுதியில் 'திரையை அணை' என்பதற்கு 'ஒருபோதும் வேண்டாம்' என்று கொடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டதும் பாஸ்வேர்டு கேட்காமல் நேரே உள்ளே போகவும் ஒரு இடம் இருக்கிறது, படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.

கண்டபடி அடிப்பதற்கும் மருந்து உண்டு. கை நடுங்குகிறவர்களுக்காகவே வைத்திருக்கிறார்கள். அணுகல் வசதிகளில் 'மெதுவான விசைகள்' என்பதைப் போடுங்கள். பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் கணினி அதை மதிக்கும். சும்மா அறைந்தால் கேட்காது. வீடு அமைதியாகிவிடும்.

கடைக்கு, இரண்டு எழுத்து அடித்தால் முழு விலாசத்தையும் விரித்துக் கொடுக்கிற ஒரு கருவி இருக்கிறது. அண்ணன் ஏற்கெனவே போட்டிருப்பார், தேடிப் பாருங்கள்.

ஆனால் மதினி, இன்னும் எதற்குக் கடை? பக்கத்து மொபைல் கடை சுஹைப் இடம் கேட்டுக்கொண்டு இருந்தானே. நல்ல பையன், முத்துசெல்வியையும் வேலைக்கு வைத்துக்கொள்வான். அவனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருந்து அண்ணனைப் பாருங்கள். மாதச் செலவுக்கு நான் அனுப்புகிறேன். நீங்கள் இரண்டு பக்கமும் ஓடுவது எனக்கு இங்கே உறக்கமில்லாமல் செய்கிறது.

பிரின்ஸ்


தென்காசி
20 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

கர்த்தர் காக்கிறார், நாட்கள் போகின்றன. நீ நன்றாக இருக்கிறாயா?

நீ சொன்ன மெதுவான விசைகளைப் போட்டேன். வீடு அமைதியாகிவிட்டது. முதல் வாரம் அறைந்து பார்த்தார், மிஷின் வாயைத் திறக்கவில்லை. பிறகு அறைவதையும் விட்டுவிட்டார். இப்போதெல்லாம் தண்ணீர், பாத்ரூம், சரி. அவ்வளவுதான். எண்ணெய்க்கும் சத்தமில்லாமல் வருகிறார். சொரிமுத்து அண்ணாச்சி, "பாத்தியளா அம்மா, ஆளு எப்படி அடங்கிட்டாக!" என்று மெச்சிக்கொண்டார்.

கடை விஷயம் நீ சொன்னதையே என் அண்ணனும் சொல்கிறார், போதகரும் சொல்கிறார். சரி என்றேன். நீங்கள் எல்லாரும் சொன்னால் சரிதான். ஆனாலும் அவர் கடை, அவரைக் கேட்காமல் முடியாது என்று சுஹைபையும் கூட்டிக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "கடையை சுஹைப் தம்பிகிட்ட குடுத்திரலாமாங்க?" என்றேன். வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் ஏழை அழுத்திப் பிடித்தார். சரி என்றது மிஷின். நீ செய்து வைத்த அதே சரி. சுஹைபுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் சாவி கொடுப்பதாகப் பேசியிருக்கிறது.

அந்த விலாசம் விரிக்கிற கருவியை உன் அண்ணன் போட்டுத்தான் வைத்திருந்தார். நானே அதில் புதிதாகச் சேர்க்கக் கற்றுக்கொண்டேன். 'ஐ' என்று அடித்து ஒரு புள்ளி வைத்தால் 'ஐந்தருவி செல்லும் சாலை, குற்றாலம்' என்று முழுசாக வந்து விழுகிறது. இலத்தூரிலிருந்து வந்த ஒரு ஓட்டல்காரருக்கு விலைப்பட்டியல் முழுவதையும் நானே அடித்து, கட்டம் போட்டு, அச்செடுத்துக் கொடுத்தேன். முத்துசெல்வி அன்றைக்கு லீவு. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "பென்னி அண்ணாச்சி அடிச்ச மாதிரியே இருக்கு" என்றார். சாவி கொடுக்கப் போகிற நேரத்தில் இதெல்லாம் எதற்குக் கற்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வருகிறது.

லீவு?

மதினி


மஸ்கட்
24 ஜூலை 2025

அன்பு மதினி,

நலம். இனி உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அண்ணனே சரி என்றது பெரிய நிம்மதி. அவர் மனசுக்கு விரோதமாகச் செய்கிறோமோ என்று உறுத்திக்கொண்டே இருந்தது, அது தீர்ந்தது. கடைக் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் ஒரு வெளி டிஸ்கில் எடுத்து வைத்துவிடுங்கள், அதற்கும் இலவசக் கருவி இருக்கிறது, எழுதுகிறேன்.

வேலை அதிகம். அவசரமாக முடிக்கிறேன்.

பிரின்ஸ்


மஸ்கட்
8 ஆகஸ்ட் 2025

மதினி,

இதை எழுத என் கை ஓடவில்லை. நலம் கேட்கவும் வாய் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலக டிரைவர் கொல்லத்துக்காரர். அவருடைய அம்மாவுக்கும் அண்ணனைப் போலவே ஆகிவிட்டது. நான் பெருமையாக நம் பலகையைப் பற்றிச் சொல்லி, அதே மாதிரி மலையாளத்தில் செய்து தருகிறேன் என்று எட்டு வாக்கியத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார். "அல்ல சாரே, 'வேண்டா' எவிடே?"

மதினி, அண்ணனிடம் 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு பொத்தான் இல்லை.

நாம் எது கேட்டாலும் அவரிடம் இருந்த பதில் சரி, அல்லது நன்றி. செவ்வாய்க்கிழமை அவர் எட்டுப் பொத்தானையும் போட்டு அறைந்தது கோபம் இல்லை. வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். இருந்ததை வைத்துக்கொண்டு வேறு எப்படிச் சொல்வார்? அதையும் நான்தான் இங்கே உட்கார்ந்து ஒரு வசதியைப் போட்டு வாயடைத்தேன். வீடு அமைதியாகிவிடும் என்று எழுதினேனே, அந்த வரியைப் படித்துப் பார்க்கவே முடியவில்லை.

கடைக்குச் சொன்ன சரியும் சரியாக இருக்காது.

பூஜ்யத்துக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறேன். உடனே ஒட்டுங்கள். மெதுவான விசைகளை அணைத்துவிடுங்கள். அதன் பிறகு அவரிடம் எல்லாவற்றையும் மறுபடியும் கேளுங்கள்.

பிரின்ஸ்


தென்காசி
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிரின்ஸுக்கு,

மதினி எழுதுகிறேன். இருக்கிறோம், நன்றாகவே இருக்கிறோம். உன் மெயிலைப் படித்துவிட்டு மூன்று நான்கு நாள் உனக்கு எழுதப் பிடிக்கவில்லை. கோபம் உன்மேல் இல்லை.

முத்துசெல்வி கேட்கத்தான் செய்தாள். நான்தான் கடைப் பழக்கம் என்று சொல்லி அதைத் தவிர்த்துவிட்டேன். பழக்கம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம் கஞ்சியைத் தட்டிவிட்டார், மாத்திரையைத் துப்பினார், துடைக்கப் போனால் கையைத் தள்ளினார். எனக்கு அலுத்துப் போயிருந்தது. வேண்டாம் என்று ஒரு பொத்தான் இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது. இவ்வளவுதான்.

பூஜ்யத்தில் வரியை ஒட்டினேன். முத்துசெல்வி அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி வரைந்தாள். கையைப் பிடித்து அதில் வைத்து அழுத்திக் காட்டினேன். வேண்டாம் என்றது. உன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

அன்றிலிருந்து இரண்டு நாள் வீட்டில் அந்த ஒரு சொல்தான். கஞ்சியா, வேண்டாம். சட்டை மாற்றணுமா, வேண்டாம். ஃபேனைப் போட்டால் வேண்டாம், அணைத்தால் வேண்டாம். எண்ணெய் என்று நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். சொரிமுத்து அண்ணாச்சிக்கு வரமாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போதகர் வந்து ஜெபத்தைத் தொடங்கி அவர் பாட்டுக்கு நீட்டிக்கொண்டே போனார், நடுவில் மிஷின் வேண்டாம் என்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. போதகர் கண்ணைத் திறந்து, "ஆமென். பென்னி தம்பிக்கு உடம்பு தேறுது" என்று சிரித்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மிஷின் அமைதியாகிவிட்டது. கஞ்சியை முழுசாகக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுஹைபை வரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் சுண்டிவிட்டது. "மறுபடியும் கேளுங்க அக்கா. அண்ணாச்சி வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்" என்றான். ரெண்டு பேரும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் கேட்டேன். "இப்பம் உங்களுக்கு வேண்டாம்னு சொல்லவும் வழி இருக்கு. மனசுல உள்ளதச் சொல்லுங்க. கடையை சுஹைப்கிட்ட குடுத்திரலாமா?"

பூஜ்யத்தைத்தான் அழுத்துவார் என்று நினைத்தேன். சுஹைபும் அப்படித்தான் நினைத்திருப்பான், எழுந்திருக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தான். உன் அண்ணன் பலகையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். வீங்கித்தான் இருக்கிறது, சாயங்காலமானால் செருப்புக்குள் போகாது. கையைக் கொண்டுபோய் ஏழில் வைத்தார்.

சரி.

எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும் தம்பி. அவர் மனசார சொல்லிவிட்டார், உனக்கும் உறுத்தல் இல்லை, சபைக்கும் திருப்தி, என் காலுக்கும் ஓய்வு. ஆனால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நீங்கள் எல்லாரும் அவரிடம் கேட்கச் சொன்னீர்கள். நானும் அவரிடம் கேட்டேன். என்னிடம் யாராவது கேட்டீர்களா? நீ சொன்னாய், சரி என்று எழுதினேன். என் அண்ணன் சொன்னார், சரி என்றேன். போதகர் சொன்னார், அதற்கும் சரி. எனக்கும் ஏழாம் பொத்தான் மட்டும்தான் இருந்திருக்கிறது.

எனக்குக் கடை வேண்டும் பிரின்ஸ். அசதி போகவில்லை, போகவும் போகாது. ஆனால் வீட்டில் நான் நாள் முழுக்கத் தூக்குகிறவள், துடைக்கிறவள். கடையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு விட முடிகிறது. இலத்தூர்க்காரர் மறுபடியும் வந்து, முத்துசெல்வி இருக்கும்போதே "அந்த அம்மாவே அடிக்கட்டும்" என்றார். இதெல்லாம் உனக்கு எழுதாமல் விட்டேன், சாவி கொடுக்கப் போகிறவளுக்கு எதற்கு இந்தப் பெருமை என்று.

கையை நீட்டி நானே பூஜ்யத்தை அழுத்தினேன்.

வேண்டாம் என்றது மிஷின், உன் அண்ணன் குரலில்.

சுஹைபுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணாச்சி சரின்னாக, பொறவு வேண்டாம்ங்காக. எது அக்கா?" என்றான்.

"இல்ல தம்பி. வேண்டாம்னது நான்" என்றேன்.

உன் அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனாலும் சிரிப்புத்தான். தோள் குலுங்கச் சிரித்தார். ஏழை அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார், சரி சரி சரி என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. சுஹைபும் சிரித்துவிட்டான். நல்ல பிள்ளை அவன். வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, எங்கள் வாசல் படியில் அவருக்காக ஒரு சரிவுப் பலகை போட்டுத் தருவதாகவும் சொல்லியிருக்கிறான். சக்கர நாற்காலியில் வைத்து அவரையும் சில நாள் கடைக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்.

நீ அனுப்புவதாகச் சொன்ன மாதச் செலவில் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக்கொள்கிறேன். காலையில் வந்து அவரைத் தூக்க ஒரு ஆள் இருந்தால் போதும்.

லீவு எப்போது என்று ஒவ்வொரு மெயிலிலும் கேட்டேன். ஒன்றுக்கும் நீ நேராகப் பதில் எழுதவில்லை. அண்ணனை இந்தக் கோலத்தில் பார்க்க உனக்குப் பயம், அது எனக்குத் தெரியும். அதற்குத்தான் வெள்ளிக்கிழமையெல்லாம் குரலைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் போவதற்கு மஸ்கட் இல்லை.

பலகையில் ஒன்பது இன்னும் காலியாக இருக்கிறது. அதில் என்ன வேண்டும் என்று நீயே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரிடம் கேட்டுப் போட்டுக் கொடு. பழைய குற்றாலத்தில் இப்போது தண்ணீர் நல்லா விழுகிறது. டிக்கெட் போட்டதும் ஒரு வரி எழுது. வர முடியாததற்குக் காரணம் மட்டும் எழுதிவிடாதே. பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்கும் தெரியும்.

உன் மதினி
ஜெபமலர்
பென்னி கிராபிக்ஸ், தென்காசி